ஒரே மொழி, ஒரே மலை, ஒரே தேவாலயம்: ருவாண்டாவில் 1994 எப்படி நடந்தது?

மழைத்துளி (கேள்வி)

எங்கள் வாசிப்புக் குழுவில் அடுத்த மாதம் ஆப்பிரிக்காவில் நடந்த இனப்படுகொலைகளைப் பற்றி நான் பேச வேண்டும். நமீபியா 1904, புருண்டி 1972, ருவாண்டா 1994, டார்ஃபூர் 2003 என்று குறிப்பெடுக்க ஆரம்பித்தேன். மூன்று வாரமாக ருவாண்டாவைத் தாண்ட முடியவில்லை.

நூறே நாளில் குறைந்தது 5 லட்சம் பேரைக் கொன்றார்கள், பெரும்பாலும் சிறுபான்மைத் துட்சிகளை. 8 லட்சம் என்றும் சொல்கிறார்கள். ருவாண்டா அரசின் கணக்கு 10 லட்சத்துக்கும் மேல். ஆனால் என்னைத் தூங்கவிடாதது எண்ணிக்கை அல்ல. கொன்ற பெரும்பான்மை ஹுட்டுகளில் ஏராளமானோர் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஹுட்டுவும் துட்சியும் பேசுவது ஒரே கின்யருவாண்டா. ஞாயிற்றுக்கிழமை போவது ஒரே தேவாலயம். தனித்தனி ஊர்கூடக் கிடையாது, ஒரே மலைச்சரிவில் அடுத்தடுத்த வாழைத்தோட்டம். பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறார்கள்.

நான் படித்தவற்றில் பாதி, “பல நூற்றாண்டுப் பழங்குடிப் பகை” என்று முடித்துக்கொள்கிறது. மீதிப் பாதி, “எல்லாம் காலனியாக ஆண்ட பெல்ஜியம் செய்த வேலை” என்கிறது. இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பகை அவ்வளவு பழையது என்றால் ஏன் அந்த ஏப்ரலில்? பெல்ஜியம் 1962இலேயே கிளம்பிவிட்டதே, 32 வருடம் கழித்து ஏன்? விவரம் தெரிந்தவர்கள், முக்கியமாக அங்கே இருந்தவர்கள், சொல்லுங்கள்.

ஆவணப்பிரியன்

பழங்குடிப் பகை என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடலாம். ஹுட்டு, துட்சி என்ற பெயர்கள் வெள்ளைக்காரர் வருமுன்பே இருந்தன, அதை மறுக்க முடியாது. பெரும்பாலும் மாடு வைத்திருந்தவர், அரண்மனைக்கு நெருங்கியவர் துட்சி. மண்ணைக் கொத்தியவர் ஹுட்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட மன்னர் ருவாபுகிரி காலத்தில் ‘உபுரெட்வா’ என்ற கட்டாய உழைப்பை ஹுட்டுகள் மேல் மட்டும் சுமத்தினார்கள். அப்போதே பிளவு கசப்பாகிவிட்டது. ஆனாலும் அது நிலைமையைப் பொறுத்த பெயராக இருந்தது. அதற்கு மேல் குலம் என்று ஒன்று இருந்தது, ‘உப்வோக்கோ’ என்பார்கள். அபன்யிகின்யா, அபெகா, அபசிங்கா என்று பல குலங்கள். ஒவ்வொன்றிலும் ஹுட்டுவும் இருப்பார், துட்சியும் இருப்பார்.

1930களில் பெல்ஜியம் எல்லாருக்கும் அடையாள அட்டை கொடுத்தது. அட்டையில் இனத்துக்கென்று ஒரு வரி. அந்த வரிக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சொல் எது தெரியுமா? உப்வோக்கோ. ஹுட்டுவையும் துட்சியையும் சேர்த்து வைத்திருந்த சொல்லையே பிரிக்கிற சொல்லாக்கினார்கள். அப்புறம் அப்பா எதுவோ பிள்ளையும் அதுவே, மாற வழியில்லை.

கூடவே ஒரு கதையும் கொடுத்தார்கள். துட்சிகள் வடக்கே எத்தியோப்பியா பக்கமிருந்து வந்த உயர்ந்த இனமாம், ஆளப் பிறந்தவர்களாம். 1950களின் கடைசியில் ஹுட்டு அரசியல்வாதிகள் அதே கதையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்கள்: அப்படியானால் நீங்கள் வந்தேறிகள். 1992 நவம்பர் 22 அன்று கபாயாவில் ஆளுங்கட்சிப் பிரமுகர் லெயோன் முகெசெரா பேசியதைத் தேடிப் படியுங்கள். துட்சிகளை நியாபரோங்கோ ஆறு வழியாக எத்தியோப்பியாவுக்கு அனுப்ப வேண்டும் என்றார். 1994இல் அந்த ஆற்றில் போட்ட உடல்கள் விக்டோரியா ஏரி வரை மிதந்து போயின.

கணக்கு வாத்தியார்

2010இலிருந்து மூன்று வருடம் ஹுயே நகரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தினேன். ஹுயேதான் பழைய புட்டாரே. எனக்கு அங்கே வேலை கிடைத்ததே இந்த வரலாற்றின் ஒரு துண்டு. 2008இல் அரசு பயிற்று மொழியைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றியது. பிரான்ஸ் பழைய ஆட்சிக்கு ஆயுதமும் ஆதரவும் கொடுத்த நாடு. 1994க்குப் பின் வந்த புதிய ஆட்சியாளர்கள் பலர் உகாண்டா அகதி முகாம்களில் ஆங்கிலம் படித்து வளர்ந்தவர்கள். ஒரே வருடத்தில் பாடம் மாறியது, ஆசிரியர் போதவில்லை, வெளிநாட்டிலிருந்து எங்களைப் போன்றவர்களை எடுத்தார்கள்.

மழைத்துளி, “ஏன் அந்த ஏப்ரலில்?” என்ற கேள்விக்கு அந்த ஊரிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

1994 ஏப்ரல் 6 இரவு ஹுட்டு அதிபர் ஹப்யரிமானாவின் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். தலைநகர் கிகாலியில் சில மணி நேரத்தில் சாலைத் தடுப்புகள் முளைத்தன. கையில் பட்டியலோடு வீடு வீடாகப் போனார்கள். மறுநாள் காலை பிரதமர் அகதே உவிலிங்கியிமானாவைக் கொன்றார்கள். அவர் துட்சி அல்ல, ஹுட்டு. துட்சிக் கிளர்ச்சிப் படையோடு அதிகாரத்தைப் பங்கிடும் அருஷா ஒப்பந்தத்தை ஏற்றவர், அதனால் முதல் நாளே தீர்த்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் மேற்கிலும் கிழக்கிலும் பரவியது. புட்டாரே மட்டும் ஏறக்குறைய இரண்டு வாரம் எரியவில்லை.

நாட்டிலேயே துட்சிகள் அடர்த்தியாக வாழ்ந்த மாகாணம் அது. பகைதான் காரணம் என்றால் அங்கேதான் முதலில் பற்றியிருக்க வேண்டும். பற்றவில்லை. ஏனென்றால் அங்கே மாகாண ஆட்சியராக இருந்தவர் ழான்-பாப்டிஸ்ட் ஹப்யலிமானா. நாட்டில் இருந்த ஒரே துட்சி ஆட்சியர். அவர் கூட்டம் போட்டார், ஊர் ஊராகப் போனார், யார் மேலும் கை வைக்கக் கூடாது என்றார். ஹுட்டு அதிகாரிகள் பலரும் அந்த ஆணைப்படி நடந்தார்கள். வேறு மாகாணங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் அங்கே தப்பி ஓடி வந்தார்கள்.

ஏப்ரல் 17 அன்று அவரைப் பதவி நீக்கியதாக வானொலியில் அறிவித்தார்கள். 19ஆம் தேதி புதிய ஆட்சியர் பதவியேற்பு. இடைக்கால அதிபர் சிந்திகுப்வாபோ வந்து பேசினார். அவரும் புட்டாரேக்காரர்தான். “எனக்கென்ன” என்று இருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்ளட்டும், வேலை செய்பவர்கள் செய்யட்டும் என்கிற தொனியில் பேசினார். மறுநாள், பழைய மன்னரின் விதவை, வயதான ரோசாலி கிகாண்டாவைச் சிப்பாய்கள் கூட்டிப்போய்ச் சுட்டார்கள். அந்தக் கிழவியைக் கொன்றதோடு யாருக்கும் பாதுகாப்பில்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு பல்கலைக்கழகம், மருத்துவமனை, தேவாலயம் எதையும் விடவில்லை. பதவியிழந்த ஆட்சியரையும் கொன்றார்கள்.

வாசிப்புக் குழுவில் இதைச் சொல்லுங்கள். ஏப்ரல் 16இலும் 20இலும் அங்கே இருந்தவர்கள் அதே மனிதர்கள். மாறியது உத்தரவு.

அந்த ‘வேலை’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். கின்யருவாண்டாவில் ‘குகோரா’. ஒவ்வொரு மாதமும் கடைசி சனிக்கிழமை ருவாண்டாவில் உமுகாண்டா, ஊர்ப் பொதுப்பணி. கடை திறக்காது, பஸ் ஓடாது. நானும் மண்வெட்டியோடு போவேன். ஒரு தடவை பள்ளிக்குக் கீழே வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் எங்கள் பள்ளியின் உயிரியல் ஆசிரியை, ஐம்பது வயதிருக்கும். நான் அரைகுறையாகக் கற்ற மொழியில், “வேலை முடிந்ததா?” என்று கேட்டேன். அவர் வெட்டுவதை நிறுத்திவிட்டு மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “அந்த வருடம் சாயங்காலம் எங்கள் சரிவில் ஆண்கள் இப்படித்தான் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.”

உமுகாண்டா ஹப்யரிமானா 1970களில் ஏற்படுத்திய முறை. மாகாணம், கொம்யூன், செக்டர், செல் என்று கீழே இறங்கி, கடைசியில் ‘நியும்பா குமி’, பத்து வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர். யார் வீட்டில் எத்தனை பேர், யார் புதிதாக வந்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். வாய்க்கால் வெட்ட ஆள் கூட்டிய அதே ஏணி வழியாகத்தான் கொல்லவும் ஆள் கூட்டினார்கள். வராதவருக்கு அபராதம், அடி, சில இடத்தில் சாவு. வந்தவருக்கு ஓடு, கதவு, மாடு, செத்தவன் நிலம். 1989இல் உலகக் காபி விலை சரிந்து காபியை நம்பியிருந்த நாடு முடங்கியிருந்தது. நிலம் கிடைக்காமல் கல்யாணம் கட்ட முடியாமல் திரிந்த பையன்களுக்கு அந்தப் பேச்சு எப்படிக் காதில் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு மேல் போர். 1990 அக்டோபர் 1 முதல் துட்சி அகதிகளின் படையான ஆர்.பி.எஃப். உகாண்டாவிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்தப் பயம் பொய்யல்ல. அந்தப் பயத்தை எடுத்துப் பக்கத்து வீட்டுத் துட்சியின் தலையில் வைத்ததுதான் சூழ்ச்சி. ஆர்.டி.எல்.எம். வானொலி 1993 ஜூலையிலிருந்து பாட்டுக்கு நடுவே அதைச் செய்துகொண்டே இருந்தது. ‘இன்யென்சி’, கரப்பான், என்று.

அதிகாரத்தைப் பங்கிட மனமில்லாத ஒரு சின்னக் கூட்டம் மேலே, சொன்னதைச் செய்யப் பழகிய ஏணி கீழே. நான் அங்கே வாழ்ந்து புரிந்துகொண்டது இதுதான்.

ஆவணப்பிரியன்

வாத்தியார் ஐயா, ஒரு திருத்தம் சொல்ல அனுமதியுங்கள். புட்டாரே முழுவதும் இரண்டு வாரம் அமைதியாக இல்லை. மேற்கு எல்லையில் நியாகிசு கொம்யூனில் ஏப்ரல் நடுவிலேயே தொடங்கிவிட்டது, ச்யாஹிண்டா தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்களைக் கொன்றார்கள். அங்கே கொம்யூன் தலைவர் ஆட்சியர் பேச்சைக் கேட்கவில்லை. இது உங்கள் வாதத்தைக் குறைக்காது, இன்னும் வலுவாக்குகிறது: உள்ளூர் அதிகாரி எந்தப் பக்கம் நின்றாரோ அந்தப் பக்கம் ஊர் சாய்ந்தது.

இன்னொன்று, புருண்டி. இதை விட்டால் கதை நொண்டும். அங்கேயும் ஹுட்டு, துட்சி. ஆனால் படை துட்சிகள் கையில். 1972இல் ஒரு ஹுட்டு கிளர்ச்சியை அடக்குகிறோம் என்று மிச்சோம்பேரோவின் அரசு படித்த ஹுட்டுகளைத் தேடித் தேடிக் கொன்றது. ஆசிரியர், குமாஸ்தா, பல்கலைக்கழக மாணவர், பள்ளிக்கூடப் பையன் வரை. 1 லட்சத்துக்குக் குறையாது, அதற்குப் பல மடங்கு சொல்பவர்களும் உண்டு. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 1993 அக்டோபரில் அங்கே தேர்தலில் வென்ற முதல் ஹுட்டு அதிபர் ந்தாதாயேவைத் துட்சிச் சிப்பாய்கள் கொன்றார்கள். லட்சக்கணக்கான ஹுட்டுகள் எல்லை தாண்டி ருவாண்டாவின் தெற்கே வந்து முகாமிட்டார்கள். “துட்சியோடு அதிகாரம் பங்கிட்டால் இதுதான் கதி” என்று ஆர்.டி.எல்.எம். சொல்ல, கண்ணெதிரே சாட்சி உட்கார்ந்திருந்தது. ஆறு மாதத்தில் ஏப்ரல்.

நமீபியாவை இதோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள் மழைத்துளி. அங்கே அண்டை வீட்டார் இல்லை, அந்நியப் படை. 1904 அக்டோபர் 2 அன்று ஜெர்மன் தளபதி ஃபொன் ட்ரோதா எழுத்திலேயே ஆணை போட்டார்: எல்லைக்குள் காணும் ஒவ்வொரு ஹெரேரோ இனத்தவரையும் சுடுவோம் என்று. ஓமஹெக்கே பாலைவனத்தில் தண்ணீரில்லாமல் சாக விரட்டினார்கள். மேய்ச்சல் நிலத்துக்காக நடந்தது அது. பொதுவாக இருப்பது ஒன்றுதான்: அங்கேயும் இங்கேயும் ஒரு அரசு உட்கார்ந்து முடிவு செய்தது.

மழைத்துளி

இரண்டு பேருக்கும் நன்றி. புட்டாரே தேதிகளை எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டி வைத்திருக்கிறேன். இப்போது அடுத்த பாதி. பின்விளைவு என்று எழுத உட்கார்ந்தால் நீதிமன்றம், அகதிகள், பெண் எம்.பி.க்கள் எண்ணிக்கை என்று அரசு அறிக்கை மாதிரி வருகிறது. வாத்தியார் சார், நீங்கள் போனபோது 16 வருடம் ஆகியிருந்ததே. என்ன மிச்சம் இருந்தது?

சட்டக்காரி

வாத்தியார் வருவதற்குள் நீதிமன்றம் பற்றி நான் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது அறிக்கை விஷயம் மட்டும் அல்ல.

டான்சானியாவின் அருஷாவில் ஐ.நா. அமைத்த தீர்ப்பாயம் 1998 செப்டம்பர் 2 அன்று ழான்-போல் அகயேசுவுக்குத் தீர்ப்பு சொன்னது. இனப்படுகொலைக் குற்றத்துக்கு ஒரு சர்வதேச நீதிமன்றம் தண்டித்த முதல் மனிதர். தபா என்ற கொம்யூனின் தலைவர். அதற்கு முன்பு பள்ளி ஆசிரியர். அவரும் ஏப்ரல் 18 வரை கொலைகாரர்களைத் தடுக்க முயன்றார் என்று தீர்ப்பே சொல்கிறது. அன்றைக்கு இடைக்கால அரசு கித்தாராமா பகுதியில் கொம்யூன் தலைவர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டது. திரும்பி வந்தவர் வேறு ஆள். கோட்டைக் கழற்றிவிட்டுப் படை உடுப்பு போட்டுக்கொண்டார். வாத்தியார் சொன்ன புட்டாரே கணக்கும் இதே வாரம்தான், கவனியுங்கள்.

முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்கொடுமை இல்லவே இல்லை. விசாரணையில் ஒரு பெண், வேறு எதையோ பற்றிச் சாட்சி சொல்லும்போது, தன் ஆறு வயது மகளுக்கு நடந்ததைச் சொல்கிறார். மூன்று நீதிபதிகளில் ஒருவர்தான் பெண்: தென்னாப்பிரிக்காவின் நவநீதம் பிள்ளை. டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், பஸ் ஓட்டுநரின் மகள். அவர் அந்த இழையை விடாமல் பிடித்துக் கேள்வி கேட்டார். இன்னும் சாட்சிகள் வாய் திறந்தார்கள். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகையைத் திருத்தினார்கள். ஓர் இனத்தை அழிக்கும் நோக்கோடு செய்தால் வன்கொடுமையும் இனப்படுகொலையே என்று உலகில் முதல் முறையாகத் தீர்ப்பானது அப்படித்தான். யார் கேட்க உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து என்னவெல்லாம் வெளிவருகிறது பாருங்கள்.

அகயேசுவுக்கு ஆயுள் தண்டனை. புட்டாரே வழக்கில் பெண்கள் நலத்துறை அமைச்சராக இருந்த போலின் நியிராமசுஹுகோவுக்கும் 2011இல் தண்டனை. இனப்படுகொலைக்காகச் சர்வதேச நீதிமன்றம் தண்டித்த முதல் பெண் அவர். ஆனால் தீர்ப்பு வர வழக்கு தொடங்கிப் பத்து வருடம் ஆனது.

கணக்கு வாத்தியார்

சட்டக்காரி சொன்ன அந்தச் சாட்சியை நான் அறிந்திருக்கவில்லை. நன்றி அம்மா.

என்ன மிச்சம் இருந்தது என்று கேட்டீர்கள். முதல் வாரம் பெயர்ப் பதிவேட்டைப் பார்த்தபோதே தெரிந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் 1993, 94, 95இல் பிறந்தவர்கள். பாதிப் பேருக்குப் பெற்றோர் என்ற இடத்தில் அத்தை, பாட்டி, அண்ணன். சிலருக்கு அம்மா பெயர் மட்டும். 1995 தொடக்கத்தில் பிறந்து அப்பா பெயர் இல்லாத பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. வன்கொடுமையில் பிறந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தப்பியவர்களுக்கு அரசு கொடுத்த கல்வி உதவி இவர்களுக்குக் கிடையாது. சம்பவத்தின்போது பிறக்கவில்லை, ஆகவே தப்பியவர் அல்லர் என்பது விதி. என் வகுப்பில் ஒரு பையன் பணம் கட்ட முடியாமல் பாதியில் நின்றான். அந்த விதியை எழுதியவர் அவனை ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும் என்று இன்றும் எனக்கு ஆற்றாமை.

ஏப்ரல் 7 முதல் ஒரு வாரம் நினைவு வாரம். 2011இல் பள்ளி மண்டபத்தில் ஒருவர் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடு வரிசையில் ஒரு பெண் கத்தினாள். “வருகிறார்கள், வருகிறார்கள்” என்று நாற்காலிக்கு அடியில் புகுந்துகொண்டாள். அவளுக்கு 1994இல் ஒரு வயது. எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் மற்றப் பெண்கள் பதறவில்லை. இரண்டு பேர் போர்வையோடு தயாராகவே நின்றிருந்தார்கள். தோளைப் பிடித்து, செருப்பைக் கழற்றி, வெளியே கூட்டிப்போய்ப் புல்லில் படுக்கவைத்தார்கள். இதற்கு அங்கே ‘இஹாஹாமுகா’ என்று தனிச் சொல் இருக்கிறது. அன்று காலையில் மட்டும் நான்கு பேர்.

முராம்பிக்கும் போனேன். ஹுயேயிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கட்டி முடிக்காத தொழிற்பள்ளி. பாதுகாப்பு தருகிறோம் என்று அங்கே ஆயிரமாயிரமாய்க் கூட்டி, தண்ணீரை நிறுத்தி, ஏப்ரல் 21 அன்று கொன்றார்கள். சுண்ணாம்பு பூசிய உடல்களை வகுப்பறைகளில் மரக் கட்டில்களில் வைத்திருந்தார்கள். வழிகாட்டி சாவிக்கொத்தோடு ஒவ்வொரு கதவாகத் திறந்தார். மூன்றாவது அறையில் ஒரு குழந்தை இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தது. தலையில் ஒரு கொத்து முடி அப்படியே. பள்ளிக்கூடத்து அறை, ஜன்னல், வெளியே பச்சை மலை. நான் அன்றாடம் நிற்கிற மாதிரியான அறை. வெளியே, பின்னால் வந்த பிரெஞ்சுப் படை புதைகுழிக்குப் பக்கத்தில் வாலிபால் ஆடிய இடம் என்று ஒரு பலகை. அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

பேசாமல் இருப்பதும் ஒரு மிச்சம். அட்டையிலிருந்து இன வரியை எடுத்துவிட்டார்கள், நல்லது. யாரும் யாரையும் ‘நீ என்ன’ என்று கேட்கக் கூடாது, கேட்டால் சட்டப்படி குற்றமாகலாம். ஆனால் அந்தச் சட்டத்தை வைத்தே எதிர்க்கட்சிக்காரரையும் பத்திரிகையாளரையும் சிறைக்கு அனுப்பினார்கள். ஆர்.பி.எஃப். கையில் குடும்பத்தை இழந்த ஹுட்டுகளும் இருக்கிறார்கள். அவர்கள் எந்த மேடையிலும் அழ முடியாது. ஒரு காவல்காரர் இருட்டில் ஒரே ஒரு தடவை, “என் ஆட்களுக்கு ஏப்ரல் இல்லை சார்” என்றார். மறுநாள் அப்படிப் பேசியதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

காங்கோ பற்றிச் சுருக்கமாக. 1994 ஜூலையில் ஆர்.பி.எஃப். வென்றதும் ஏறக்குறைய 20 லட்சம் ஹுட்டுகள் நாட்டை விட்டு ஓடினார்கள். காங்கோவின் எல்லை நகரமான கோமாவில் காலரா பல்லாயிரம் பேரைத் தின்றது. கொன்றவர்களே முகாம்களை ஆண்டார்கள், உலகம் சோறு போட்டது. 1996இல் ருவாண்டா படை உள்ளே புகுந்தது. முகாம்களைக் கலைத்ததோடு நிற்கவில்லை, அகதிகளைக் காடு வரை துரத்திக் கொன்றது. ஐ.நா. 2010இல் வெளியிட்ட அறிக்கை அதை விவரமாகச் சொல்கிறது. அங்கே தொடங்கிய போர் வேறு வேறு பெயரில் ஓடிக்கொண்டே இருக்கிறது. 2025 ஜனவரியில் கோமாவை ருவாண்டா ஆதரவு பெற்ற எம்23 கிளர்ச்சிப் படை பிடித்தது வரை அது ஒரே சங்கிலி.

கடைசியாக கச்சாச்சா. 1 லட்சத்து 20 ஆயிரம் பேர் சிறையில், சாதாரண நீதிமன்றம் நடத்தினால் நூறு வருடம் ஆகும். அதனால் ஊர்ப் புல்தரையில் ஊராரே நீதிபதியாக உட்கார்ந்தார்கள். 2012 ஜூனில் மூடும்போது 19 லட்சம் வழக்கு முடித்திருந்தார்கள். குறை நிறைய. வழக்கறிஞர் கிடையாது, பழிவாங்கப் பொய்ச்சாட்சி சொன்னவர்கள் உண்டு, சாட்சி சொன்னதற்காகச் செத்தவர்களும் உண்டு. அது சரியா தவறா என்று கேட்டால் எனக்கு அந்த உயிரியல் ஆசிரியைதான் நினைவுக்கு வருகிறார்.

அவருடைய கணவரும் இரண்டு பையன்களும் போய்விட்டார்கள், உடல்கள் எங்கே என்று தெரியாது. கச்சாச்சாவில் ஒருவன், தண்டனை குறையும் என்பதற்காக, இடத்தைச் சொன்னான். அவன் வீட்டுக்குப் பின்னால் மூடிய கழிப்பறைக் குழி. பதினான்கு வருடம் அந்தப் பாதையில்தான் அவர் பள்ளிக்கு நடந்து போயிருக்கிறார். தோண்ட ஆள் கூலி அவரே கொடுத்தார். சின்னவனைக் கண்டது ரப்பர் செருப்பை வைத்து. வார் அறுந்ததைக் கம்பி போட்டு அவரே கட்டிக் கொடுத்திருந்தாராம், ஈஸ்டருக்கு முந்தின வாரம். எலும்புகளைத் தண்ணீரில் கழுவி, வெயிலில் உலர்த்தி, அடுத்த ஏப்ரலில் நினைவிடத்தில் வைத்தார்.

“சொன்னவனை மன்னித்துவிட்டீர்களா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை. “அவன் அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறாள். தண்ணீர் எடுக்கும் இடத்தில் பார்க்கிறேன். வணக்கம் சொல்கிறோம்” என்றார். மணி அடித்தது, அடுத்த வகுப்புக்குப் போனோம்.